நியாயவிலைக் கடையும் தொற்றா நோய்த் தடுப்பும்: தமிழ்நாட்டு உணவு நலத் திட்டங்கள் குறித்து ஒரு வாதம்

தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு (2019–21) கூறுகிறது. அதே ஆய்வு, இந்த வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடையோ உடற்பருமனோ உடையவர்கள் என்றும் காட்டுகிறது. முந்தைய ஆய்வில் இது 30.9 ஆக இருந்தது. முதல் சிக்கலுக்கு இரும்புச்சத்து மாத்திரை, இரண்டாவதற்கு நடைப்பயிற்சி என்று நாம் பிரித்தே பழகிவிட்டோம். ஆனால் சோறு மிகுந்து, பருப்பும் கீரையும் காயும் குறைந்த தட்டு இரண்டுக்குமே வழிவிடுகிறது. அந்தத் தட்டை மாற்றும் வலு வேறெந்த அமைப்பையும்விட நியாயவிலைக் கடைக்கும் பள்ளிச் சமையற்கூடத்துக்கும்தான் உண்டு என்பதும், நம் நலக் கொள்கை அதைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கணக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். நால்வர் கொண்ட ஒரு குடும்பம் மாதம் 20 கிலோ விலையில்லா அரிசியும், மானிய விலையில் ஒரு கிலோ துவரம்பருப்பும் ஒரு லிட்டர் பாமாயிலும் வாங்குகிறது என்று கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு அரிசி சுமார் 167 கிராம், பருப்பு சுமார் 8 கிராம். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டுதல், 2,000 கலோரி உணவில் தானியம் 250 கிராமும் பருப்பு வகை 85 கிராமும் இருக்க வேண்டும் என்கிறது. ஆக, தானியத் தேவையில் மூன்றில் இரண்டு பங்கை அரசே தருகிறது. பருப்பில் பத்தில் ஒரு பங்கைத்தான் தருகிறது. மிச்சத்தைச் சந்தையில் வாங்கிக்கொள்ளலாமே என்பார்கள். வாங்க முடிந்தவர்கள் வாங்குகிறார்கள். கூலி வேலைக்குப் போகும் வீட்டில் பருப்பு விலை ஏறினால் முதலில் தண்ணியாவது சாம்பார்தான்.

இதைச் சொல்வதால் அரிசியைக் குறைக்கச் சொல்வதாகக் கொள்ளக் கூடாது. பட்டினியை விரட்டியதில் அந்த அரிசியின் பங்கு மிகப் பெரியது. அதில் கைவைப்பது அநீதி. அரிசிக்குப் பக்கத்தில் என்ன வைக்கிறோம் என்பதே கேள்வி. இதற்கு முன்னுதாரணம் நம்மிடமே இருக்கிறது. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் 1989இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை சேர்ந்தது. 2010இல் அது வாரத்துக்கு ஐந்தானது. புரதத்தின் அருமையைக் குழந்தைகளுக்கு விளக்கி மனம் மாற்றி வந்த மாற்றம் அன்று இது. முட்டை தட்டில் வந்தது, குழந்தைகள் சாப்பிட்டார்கள். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டமும் இந்த மரபில் வந்ததே. உப்புமாவோடும் பொங்கலோடும் காய்கறிச் சாம்பார் சேர்கிறது என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

பெரியவர்கள் விஷயத்தில் அரசு வேறு வழியில் போகிறது. 2020இல் மாநில அளவில் நடந்த ஆய்வு, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களில் 7.3 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு உள்ளவர்களில் 10.8 விழுக்காட்டினருக்கும் மட்டுமே நோய் கட்டுப்பாட்டில் இருந்ததாகக் கண்டது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த இடைவெளிக்கு நேர்மையான பதில். பிரஷர் மெஷினும் சுகர் பார்க்கும் கருவியும் கொண்ட பையோடு தன்னார்வலர் வீட்டுக்கே வந்து மாத்திரை தருகிறார்; சோற்றைக் குறையுங்கள், காய் நிறையச் சாப்பிடுங்கள் என்றும் சொல்கிறார். அதே வீட்டுக்கு மாதாமாதம் கடையிலிருந்து வரும் பை அந்த அறிவுரைக்குத் துணை நிற்பதில்லை.

2023 நவம்பரில் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டம் மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது. நல்ல முயற்சி. ஆனால் விடிகாலையில் நடக்க நேரம் கிடைப்பது யாருக்கு? அந்நேரத்தில் அடுப்படியில் நிற்கும் பெண்ணுக்கு, வீட்டிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை பைக்குகள் அடைக்காத நடைமேடையும் தெருவிளக்கும் இருந்தால் அன்றாடம் நடப்பதே பயிற்சியாகிவிடும். அது உள்ளாட்சியின் வேலை. நலத்துறை வற்புறுத்திக் கேட்க வேண்டிய வேலை.

2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாகக் கேழ்வரகு தரும் முயற்சி தொடங்கியது. களி கிண்டிப் பழகிய ஊர்களில் தொடங்கியது சரியான தேர்வு. அடுத்த படியாக, அரிசியைத் தொடாமல் பருப்பை இரண்டு கிலோவாக்கி, சில மாவட்டங்களில் இரண்டாண்டு பார்க்கலாம். வீடுகள் வாங்கிய அளவோடு, பெண்களின் இரத்த அளவையும் எடையையும் சேர்த்து அளக்க வேண்டும். செலவு கூடும், உண்மை. ஆனால் காவிரிப் படுகையில் அறுவடை முடிந்த நெல் தரிசில் உளுந்தும் பச்சைப்பயறும் ஏற்கெனவே விளைகின்றன. நெல்லுக்கு இருப்பதுபோல ஊர்தோறும் நேரடிக் கொள்முதல் நிலையம் பயறுக்கும் இருந்தால், கடைக்கான பருப்பில் ஒரு பங்கை அங்கிருந்தே எடுக்கலாம்.