வலீமா விருந்தும் அது நடந்த இடங்களும்



சென்ற மாதம் நம் மதரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை நம்மைக் காண வந்தார். மூத்த மகனின் வலீமாவுக்குச் சென்னையில் இடம் தேடிக்கொண்டிருப்பதாகவும், "நம் மஹல்லாவில் இதுவரை யாரும் நடத்தாத இடமாக" அது அமைய வேண்டுமென்று வீட்டார் விரும்புவதாகவும் கூறினார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் கடலைப் பார்த்தாற்போல் ஒரு புல்வெளி மண்டபத்தைப் பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டாராம். "இதற்கு மார்க்கத்தில் தடை ஏதும் உண்டா, ஹஸ்ரத்?" என்பது அவர் கேள்வி.

புல்வெளிக்கும் கடற்காற்றுக்கும் மார்க்கத்தில் என்ன தடை இருக்கப் போகிறது! ஆனால் அத்துடன் பேச்சை முடித்துக்கொள்ள நமக்கு மனம் வரவில்லை. வலீமா எங்கெங்கே நடந்தது என்பதை அவருக்கு எடுத்துரைத்தோம். அதையே சற்று விரித்து இங்கே எழுதுகிறோம்.

ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களை மணந்தபோது விருந்து வீட்டிலேயே நடந்தது. அந்த வீடுகளின் அளவை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். சிறுவனாக அவற்றினுள் சென்ற ஹஸனுல் பஸரீ (ரஹ்) அவர்கள், கையை உயர்த்தினால் கூரை எட்டும் என்று பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார்கள். அவ்வளவு சிறிய இடத்தில், அனஸ் (ரலி) அவர்களின் ஓர் அறிவிப்பின்படி ஏறத்தாழ 300 பேர் உண்டார்கள். திண்ணையும் அறையும் நிறைந்துவிட்டதால் பத்துப் பத்துப் பேராக வட்டமிட்டு அமருமாறு சொல்லப்பட்டது. ஒரு குழு எழுந்து வெளியேற, அடுத்த குழு உள்ளே வந்தது. இன்னோர் அறிவிப்பில், அழைப்பதற்கு இனி எவரும் மீதமில்லை என்று சொல்லும் அளவுக்குத் தாம் அழைத்து வந்ததாக அனஸ் (ரலி) கூறுகிறார்கள்.

உண்டு முடித்த பின்பும் சிலர் எழவில்லை, பேசிக்கொண்டே இருந்தனர். மணப்பெண் அதே அறையில் இருந்தார். நபி (ஸல்) அவர்கள் எழுந்து சென்று மற்ற மனைவியரின் அறைகளில் ஸலாம் உரைத்துத் திரும்பினார்கள். அப்போதும் அவர்கள் இருந்தனர். போகச் சொல்ல அண்ணலாருக்கு நாணமாக இருந்தது. உண்டதும் கலைந்து செல்லுமாறு கட்டளையிடும் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 53ஆவது வசனம் அப்போது இறங்கியது. ஒரு சிறு வீட்டில் நடந்த கல்யாண விருந்தின் இட நெருக்கடி, இறைவசனம் இறங்கிய சந்தர்ப்பமாக அமைந்தது என்பதைப் பாடம் நடத்தும்போதெல்லாம் வியக்கிறோம்.

ஹிஜ்ரி 7இல் கைபரிலிருந்து திரும்பும் வழியில் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களின் வலீமா நடந்தது. அங்கே கூரையும் இல்லை, சுவரும் இல்லை. பயணத்தில் தங்கிய வெட்டவெளி. ரொட்டியும் இறைச்சியும்கூட இல்லை. தோல் விரிப்புகள் விரிக்கப்பட்டன. அவரவர் தம்மிடம் இருந்த பேரீச்சம்பழம், காய்ந்த பாலாடைக்கட்டி, நெய் ஆகியவற்றைக் கொண்டுவந்து இட்டனர். அவற்றைக் கலந்து செய்த 'ஹைஸ்' என்பதே விருந்து. தனித்தன்மை வாய்ந்த வலீமா இடம் என்றால் இதைக் காட்டிலும் ஒன்றை நாம் அறியோம். ஆனால் எவரும் அதைத் தேடித் தெரிவு செய்யவில்லை. மக்கள் இருந்த இடத்தில் விருந்து நடந்தது.

இடத்தை அலங்கரிப்பது பற்றிய சச்சரவும் அக்காலத்திலேயே எழுந்தது. நபித்தோழர் இப்னு உமர் (ரலி) அவர்கள் தம் மகன் ஸாலிமின் திருமணத்துக்கு மக்களை அழைத்தார்கள். வந்தவர்களில் அபூ அய்யூப் அல்அன்ஸாரி (ரலி) ஒருவர். ஹிஜ்ரத் செய்து வந்த நபி (ஸல்) அவர்களைத் தம் இல்லத்தில் தங்கவைத்தவர் இவரே. விருந்தோம்பலைப் பற்றிப் பேச இவரினும் தகுதியுடையவர் யார்? அவர் உள்ளே நுழைந்ததும் சுவரில் திரைச்சீலை தொங்குவதைக் கண்டார். சுவருக்கு ஆடை உடுத்துவதா என்று வினவினார். இப்னு உமர் (ரலி) வெட்கத்துடன், இவ்விஷயத்தில் பெண்கள் எங்களை மிஞ்சிவிட்டார்கள் என்றார்கள். (இன்றைய தந்தையரும் நம்மிடம் இதே விடையைத்தான் சொல்கிறார்கள். பெண்கள்மீது பழியைப் போட்டுவிட்டுத் தாமும் மகிழ்வதுதான் வேறுபாடு.) மற்றவர்கள் விஷயத்தில் இதை அஞ்சியதுண்டு, உங்கள் விஷயத்தில் அஞ்சவில்லை என்று கூறி, உண்ணாமலே திரும்பிச் சென்றார் அபூ அய்யூப் (ரலி).

ஒரே ஒரு திரைச்சீலை! அதிலிருந்து ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளில் நம் சமூகம் எங்கே சென்றது என்பதை அப்பாஸியர் வரலாறு காட்டுகிறது. ஹிஜ்ரி 210இல், அதாவது 825ஆம் ஆண்டின் இறுதியில், கலீஃபா மஃமூன் தம் அமைச்சர் ஹஸன் இப்னு ஸஹ்லின் மகளை மணந்தார். தலைநகர் பக்தாத் அவ்விருந்துக்குப் போதவில்லை போலும். டைக்ரிஸ் நதியோரம் வாஸித் நகருக்கு அருகில் ஃபமுஸ் ஸில்ஹ் என்ற ஊருக்குப் படையும் பரிவாரமும் சென்றன. தங்கத் தட்டிலிருந்து ஆயிரம் முத்துகள் சொரியப்பட்டன. கஸ்தூரி உருண்டைகள் பெருமக்கள்மீது வீசப்பட்டன. உருண்டைக்குள் இருந்த சீட்டில் எழுதியிருந்த நிலமோ, அடிமையோ, குதிரையோ அதைப் பிடித்தவருக்குச் சொந்தம். மணப்பெண்ணின் தந்தை இதற்குச் செலவிட்டது ஐந்து கோடி திர்ஹம் என்று வரலாற்றாசிரியர் தபரீ குறிப்பிடுகிறார். செல்வந்தர்கள் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமாவே உணவுகளில் மிகக் கெட்டது என்று அபூ ஹுரைரா (ரலி) அறிவித்த செய்தியை அந்நாளைய அறிஞர்கள் அறிந்தே இருந்தார்கள்.

நம் ஊர்களுக்கு வருவோம். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் தெருவிலேயே பந்தலிட்டனர். ஒரே ஸஹனைச் சுற்றிப் பலர் அமர்ந்து உண்டனர். பக்கத்தில் அமர்பவர் கப்பல் முதலாளியா, சுமை தூக்குபவரா என்று பார்த்து அமர வழியில்லை. தெருவில் பந்தல் என்றால் தெருவில் உள்ள எவரையும் விட்டுவிடவும் முடியாது. பிழைப்புக்காகச் சென்னைக்குக் குடிபெயர்ந்து மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் நெருக்கமான வாடகை வீடுகளில் வாழத் தொடங்கியபோது மண்டபம் தேவையாயிற்று. அதைக் குறை கூறுவது நியாயமாகாது. மாடிப்படி வழியே பிரியாணி தேக்சாவை ஏற்றிப் பார்த்தவர்களுக்கு மண்டபத்தின் அருமை தெரியும். பள்ளிவாசலுக்கு நடந்து போகும் தொலைவில் மண்டபம் இருந்தவரை தெருவும் கூடவே வந்தது. இப்போது மண்டபம் தெருவை விட்டு விலகி விலகிக் கடற்கரைக்குப் போய்விட்டது.

இவ்வளவையும் கேட்ட அந்தத் தந்தை சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எங்கள் சந்தில் தையல் வேலை செய்யும் பாட்டி இருக்கிறார், பள்ளிவாசலைப் பெருக்கும் பெரியவர் இருக்கிறார். பத்திரிகை வைத்துவிட்டேன். ஆனால் அவர்கள் எப்படி அங்கே வருவார்கள் என்று யோசிக்கவே இல்லை" என்றார்.

முன்பணம் திரும்பக் கிடைக்காது என்பதால் இடத்தை அவர் மாற்றவில்லை. நாமும் வற்புறுத்தவில்லை. ஆனால் கண்ணாடிச் சரவிளக்கு அலங்காரத்தை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் இரண்டு பேருந்துகளை அமர்த்தியிருக்கிறார். வலீமாவன்று அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் வாயிலிலிருந்து அவை புறப்படும். சந்தில் உள்ளவர்களின் பெயர்ப் பட்டியலை எழுதித் தரும் பொறுப்பு நம்மிடம் வந்திருக்கிறது. இதுவரை 86 பெயர்கள் எழுதியிருக்கிறோம்.