செக்றோலில் ஏறாத பெயர்கள்



மலையக நாவல்களைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உழைப்பு, சுரண்டல், தொழிற்சங்கம் என்றே பேச்சுப் போய்விடுகிறது. நானும் வகுப்பறையில் பெரும்பாலும் அப்படித்தான் படிப்பிக்கிறேன். இன்று ஒரு மாறுதலுக்காக அதே நாவல்களைக் குடும்பக் கதைகளாக எடுத்துப் பார்ப்போம். அன்பு, பிரிவு, பாட்டன் பூட்டன் நினைவு ஆகியவற்றை நம்மவர்கள் எங்கே எழுதி வைத்தார்கள், ஏன் அங்கே எழுதி வைத்தார்கள் என்பதே இன்றைய பேச்சு.

அப்புத்தளைக்கு மேலே, தம்பேத்தன்ன தோட்டத்தின் உச்சியில், லிப்டன் துரை உட்கார்ந்து தன் மலைகளைப் பார்த்த இடம் என்று ஓர் இடத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுகிறார்கள். 1890இல் இலங்கைக்கு வந்து தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் தன் வாழ்க்கைக் கதையை ஒரு நூலாக விட்டுச் சென்றார். அவருக்கு முன்பே கோப்பிக் காலத்துத் துரைமார் நினைவுக் குறிப்புகள் எழுதினார்கள். பி. டி. மில்லி என்ற கோப்பித் துரையின் நூல் 1878இலேயே வெளிவந்துவிட்டது. அந்த வகை நூல்களில் துரைமார் ஆளுக்கொரு பெயரோடும் குணத்தோடும் வருவார்கள். கூலிகள் கூட்டமாக வந்து கூட்டமாகவே போவார்கள். அதே மலையில் கொழுந்தெடுத்த ஒரு பெண் தன் கதையைத் தானே சொல்லிய பழைய நூல் எதையும் நான் கண்டதில்லை.

எழுத்தறிவில்லை என்பது இதற்குப் பாதி விடைதான். பின்னாளில் தோட்டத்துப் பிள்ளைகள் ஆசிரியர்களானார்கள், கிளாக்கர்மாரானார்கள், எழுதவும் செய்தார்கள். ஆனால் அவர்கள் எழுதியவை கதைகளும் நாவல்களுமே. 'நான்', 'என் அம்மா', 'என் தாத்தா' என்று தொடங்கும் தன்வரலாறு நம்மிடம் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவே உண்டு.

இதற்குள்ளே ஒரு சரித்திரக் காரணம் இருக்கிறது. மொறீசியசுக்கும் நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலிகளாகப் போன நம்மவர்களுக்கு ஆளுக்கொரு பதிவு இருந்தது. 1860 தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குக் கப்பலேறிய 152,184 பேருக்கும் கப்பற் பட்டியல்கள் உள்ளன. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம் என்று ஒவ்வொன்றும் எழுதப்பட்டது. அடிமைத்தனத்துக்கு அடுத்த படியிலிருந்த முறைதான் அது. அதன் கணக்குப் புத்தகம் மட்டும் பேரப்பிள்ளைகளுக்கு உதவியது. டர்பனிலிருந்து ஒருவர் தன் பாட்டியின் கிராமத்தைத் தேடிக்கொண்டு வட ஆற்காட்டுக்குப் போக முடிகிறது. இலங்கைக்கு வந்தவர்களோ பெரும்பாலும் கங்காணியின் கூட்டத்தில் வந்தவர்கள். கங்காணியின் ஏட்டில் அவர்கள் பெயருக்கு எதிரே இருந்தது கடன் தொகை. 'துண்டு' என்ற அந்தக் கடதாசி 1921இல் ஒழிக்கப்படும்வரை, கடனைக் கட்டினால் ஆளைக் கொண்டு போகலாம் என்று சொன்னதே தவிர, ஆள் யார் பெற்ற பிள்ளை என்று சொல்லவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கழுத்தில் கட்டிவிட்ட தகரச் சீட்டிலும் பொறித்திருந்தது எண்தான்.

தோட்டத்து வழக்கில் 'பேர்' என்ற சொல் படும் பாட்டைக் கவனியுங்கள். ஒரு நாள் வேலை ஒரு 'பேர்'. றாத்தல் குறைந்தால் 'அரைப் பேர்'. வேலையிலிருந்து நிறுத்தினால் 'பேர் வெட்டியாச்சு'. ஒரு மனிதனுடைய பெயர் என்பது செக்றோலில் விழும் கூலிக் கணக்காகிவிட்ட வேறொரு தமிழ்ப் பேச்சு உலகில் எங்கேனும் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது. நம் பிள்ளைகள் பேச்சுத் தமிழை இழிவாக நினைக்கும்போது இந்த ஒரு சொல்லையே நான் எடுத்துக்காட்டுவதுண்டு. ஒரு நூற்றாண்டுச் சரித்திரம் அதற்குள் கிடக்கிறது.

இனி 1948க்கு வருவோம். அந்த ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் ஒரு விசித்திரமான காரியத்தைச் செய்தது. இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது; தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது. அதாவது, ஒரு குடும்பத்தின் ஞாபகத்தை அரசாங்கம் கடதாசியில் கேட்டது. மறு ஆண்டில் வந்த இந்திய, பாகிஸ்தானியர் சட்டமும் தொடர்ந்து இங்கே வசித்ததற்கு அத்தாட்சி கேட்டது. அதன்கீழ் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் போயின. ஏற்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 134,000 பேர். அடுத்த லயத்தில் செத்துப்போன தாத்தாவை எல்லோருக்கும் தெரியும். அவர் பிறந்ததற்குத்தான் கடதாசி இல்லை.

இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்பும் ஒன்று உண்டு. சட்டம் கேட்டது ஆண்வழி. லயத்துக் காம்பராவில் ஞாபகம் இருந்ததோ பெண்வழி. எந்த ஊரிலிருந்து வந்தோம், வழியில் யாரைக் காட்டில் புதைத்துவிட்டு நடந்தோம், எந்தத் தோட்டத்தில் எந்தப் பிள்ளை தங்காமல் போனது என்பதெல்லாம் அம்மாயியும் அப்பாயியும் சொல்லித்தான் வந்தன. சாவீட்டில் ஒப்பாரி வைக்கும் கிழவி, செத்தவளின் தாய்வீட்டையும் அண்ணன் தம்பிகளையும் வரிசையாகச் சொல்லி அழுவாள். அந்த வரிசைதான் எங்கள் வம்சாவளி. அதை எந்தக் கந்தோரும் அத்தாட்சியாக ஏற்கவில்லை. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்து 1983இல் நூலாக்கியபோது அவர் சேர்த்தது இலக்கியம் மட்டுமென்று நான் கருதவில்லை. கேட்கப்படாமல் போன சாட்சியத்தையும் அவர் சேர்த்தார்.

சி. வி. யின் வாழ்க்கையே ஆராயத்தக்கது. வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்தவர், 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினர். தன் மக்களுக்கு வாக்குரிமை இருந்ததையும் அது பறிபோனதையும் சபைக்குள்ளிருந்தே பார்த்தவர். இப்படிப்பட்டவர் தன் கதையை எழுதியிருக்கலாம். அவரோ 1970இல் ஆங்கிலத்தில் தோட்டத்து மனிதர்களைச் சித்திரங்களாக வரைந்தார். 1981இல் நூலாக வந்த 'வீடற்றவன்' நாவலில், சங்கம் வைத்த காரணத்தால் வேலையோடு வீட்டையும் இழந்து அலையும் ராமலிங்கத்தைப் படைத்தார். கடல் கடந்த இன்னோர் எழுத்தாளரை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. ட்ரினிடாட்டின் கரும்புத் தோட்டக் கூலிகளின் வழிவந்த வி. எஸ். நைபால், தன் தந்தையை மனத்தில் வைத்து 1961இல் பிஸ்வாஸ் என்பவரின் வீட்டைப் பற்றிய நாவலை எழுதினார். கடன்பட்டாவது பிஸ்வாசுக்கு ஒரு வீடு கிடைத்துவிடுகிறது. மகன் தகப்பனைப் பற்றி எழுதுவதற்குத் தகப்பனுக்கென்று ஒரு கூரை வேண்டும் போலும். நம் லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம்; பேர் வெட்டினால் வீடும் போய்விடும்.

கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' 1964இல் வந்தது. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து தோட்டத்துக்கு வரும் வள்ளி என்ற பெண்ணின் கதை. நாவல் வந்த அதே 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 975,000 பேர் என்று கணக்கெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். 1974இல் அந்த மிச்சத்தையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். வள்ளியைப் போலக் கனவோடு வந்தவளின் பேத்தி, அதே கடலைத் திரும்பக் கடக்க வேண்டியதாயிற்று.

எங்கள் அப்பாயியின் தங்கை அப்படிப் போனவள். பதுளைக்கு 1924இல் வந்து சேர்ந்த ரயில் பாதையில், தேயிலை ஏற்றிப்போன அதே கோச்சியில், தலைமன்னார் வரை போய், அங்கிருந்து 'இராமானுஜம்' கப்பல். இருவரும் ஒரே லயத்தில் பிறந்தவர்கள். தங்கை வாழ்க்கைப்பட்ட வீட்டில் இந்தியாவுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள். "பொண்ணு கேக்க வந்தா குலம் கோத்திரம் அப்புறம், பாஸ்போட்டா பிரஜாவுரிமையா, அதத்தான் மொதல்ல கேப்பாங்க" என்று அப்பாயி சொல்வாள். இதைச் சொல்லும்போது அவள் சிரிப்பாள். எனக்கு இன்றுவரை அந்தச் சிரிப்பு விளங்கவில்லை. கோத்தகிரிப் பக்கத்திலிருந்து சில காலம் கடிதம் வந்தது, பிறகு நின்றது. இங்கே 'கள்ளத்தோணி' என்று ஏச்சு வாங்கியவர்கள், அங்கே 'சிலோன்காரர்' என்று பெயர் பெற்று, தாயகம் திரும்பியோருக்கென 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மறுபடியும் கொழுந்துக் கூடையைத்தான் கட்டினார்கள்.

நம் ஊவாவின் எழுத்தாளர் ஒருவரைச் சொல்லாமல் இந்தப் பேச்சு நிறைவுறாது. ஊவாக் கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப், கும்பகோணத்தில் மூன்றாண்டு படித்துத் திரும்பியவர். தான் வேலை பார்த்த தோட்டத்தின் பெயரைத் தன் பெயருக்கு முன்னே வைத்துக்கொண்டவர். மற்றவர்கள் தகப்பன் பெயரை வைக்கும் இடத்தில் தோட்டத்தின் பெயர்! 'காலங்கள் சாவதில்லை' நாவல் 1974இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. 1979இல் பதுளையைச் சேர்ந்த மு. நித்தியானந்தனின் 'வைகறை' அவருடைய 'நாமிருக்கும் நாடே' தொகுதியை வெளியிட்டது. பிற்காலத்தில் 'குடை நிழல்' எழுதினார். 2022 ஒக்டோபரில் மறைந்தார்.

அவருடைய 'மீன்கள்' சிறுகதையை வாசித்தவர்கள் மறக்கமாட்டார்கள். ஒற்றைக் காம்பராவில் கணவன், மனைவி, வளர்ந்த பிள்ளைகள். இருட்டில் கணவனுக்கு நேர்ந்துவிடும் ஒரு தடுமாற்றம். விடிந்ததும் யாரும் யார் முகத்தையும் பார்க்க முடியாத நிலை. தாம்பத்திய அன்பு என்பதற்கே இடமில்லாமல் கட்டப்பட்ட வீட்டை, ஒருவரையும் குற்றவாளியாக்காமல், கண்ணியத்தோடு அவர் எழுதினார். தன்வரலாறு நம்மிடம் ஏன் குறைவு என்று தொடக்கத்தில் கேட்டேனல்லவா? அதற்கான மறுபாதி விடை இந்தக் கதையில் இருப்பதாக நினைக்கிறேன். இப்படி ஒன்றை 'என் வீட்டில் நடந்தது' என்று எவன் எழுதுவான்? லயத்தில் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்காத பேச்சில்லை. அந்தரங்கம் இல்லாத இடத்தில் வளர்ந்தவனுக்குக் கற்பனைப் பாத்திரம் ஒரு கதவு மாதிரி. சாத்திக்கொண்டு உள்ளே அழலாம். நாவல் நமக்குத் தன்வரலாற்றின் வேலையைச் செய்தது. அதனால்தான் மலையக நாவலை வெறும் போராட்ட இலக்கியமாகப் படிப்பிப்பது எனக்குப் போதவில்லை.

தோட்டங்களில் மாசி மாதம் நடக்கும் காமன் கூத்தும் இத்தகைய கதவுதான். மன்மதன் எரிக்கப்பட்ட பின் ரதி அழுகிறாள். ரதி வேஷம் கட்டுபவர் ஆண். புராணக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்துவார்கள். அவர்கள் அழுவது மன்மதனுக்காகவா என்று யாரும் கேட்பதில்லை.

கடதாசிகளும் நம்மிடம் தங்குவதில்லை. 1983 ஜூலை 27இல் பதுளை நகரில் தமிழர் கடைகளும் வீடுகளும் எரிந்தபோது, ட்ரங்குப் பெட்டிகளில் இருந்த கலியாணப் படங்களும் பிறப்புச் சாட்சிப் பத்திரங்களும் சேர்ந்தே எரிந்தன. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பல குடும்பங்களில் சொல்வதற்கு இருந்த ஆளும் போனது. இத்தனைக்கும், 2003ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தாத்தா எங்கே பிறந்தார் என்று எங்களிடம் யாரும் அதிகாரத்தோடு கேட்பதில்லை. இப்போது கேட்க வேண்டியவர்கள் நாங்கள்தான்.

என் உயர்தர வகுப்பு மாணவர்களிடம், வீட்டில் மிக மூத்த பெண் யாரோ அவரிடம் கேட்டு இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தேன். தேமோதரைப் பக்கத்து மாணவன் ஒருவன் ஒன்றரைப் பக்கம் கொண்டு வந்தான். அவனுடைய பூட்டிக்கு ஊர் ஆலங்குடிக்குப் பக்கமாம். வீட்டு வாசலில் புளியமரம் நின்றதாம். தங்கை ஒருத்தியை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்களாம். தமிழ்நாட்டுப் படத்தை மேசையில் விரித்தோம். புதுக்கோட்டைப் பக்கம் ஓர் ஆலங்குடி இருந்தது. திருவாரூர்ப் பக்கம் இன்னொன்று இருந்தது.

"சேர், இதுல எது?" என்று கேட்டான். பூட்டியிடமே மறுபடி கேட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

நேரம் ஆகிவிட்டது, நேயர்களே. என். எஸ். எம். ராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' பற்றி அடுத்த வாரம் பேசுவோம். வணக்கம்.