சிறைக்கூடம் கலைக்கூடம் ஆன கதை

கரக்பூர் வாழ் தமிழர்களாகிய நமக்கு ரயிலடியும் பணிமனையும் நன்கு பழக்கம். அருகிலுள்ள ஹிஜ்லியின் வரலாற்றை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

விடுதலை வேட்கை கொண்ட இளைஞரை விசாரணையின்றி அடைத்துவைக்க 1930இல் ஆங்கில அரசு அங்கே தடுப்பு முகாம் அமைத்தது. 1931 செப்டம்பர் 16 அன்று காவலர் சுட்டதில் சந்தோஷ் குமார் மித்ரா, தாரகேஸ்வர் சென்குப்தா இருவரும் மாண்டனர். கவி தாகூர் அக்கொடுமையை வன்மையாகக் கண்டித்தார்.

காலம் மாறிற்று. நளினி ரஞ்சன் சர்க்கார் குழுவின் பரிந்துரையால் நாட்டின் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அம்முகாமிலேயே தோன்றியது. விஞ்ஞானி ஞான் சந்திர கோஷ் அதன் முதல் இயக்குநர். 1951 ஆகஸ்டு 18இல் மௌலானா ஆசாத் திறந்துவைத்தார். முதலாண்டில் மாணவர் 224, ஆசிரியர் 42. 1956இல் முதல் பட்டமளிப்பு விழாவில் பண்டித நேரு உரையாற்றினார். பொறியியலுடன் கட்டடக்கலை, வேளாண் பொறியியல், கப்பற் கட்டுமானக் கலை, பின்னர் மேலாண்மை, சட்டம் எனக் கல்வி விரிந்தது. பழைய முகாம்க் கட்டடம் 1990 முதல் நேரு பெயரால் அறிவியல் அருங்காட்சியகமாக விளங்குகிறது.

பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்திக் குமாஸ்தா வேலையில் அமர்ந்த நம் போன்றோர், நம் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்வோம். அவ்விருவர் பெயரையும் சொல்லிக்கொடுப்போம். பிறகு படிக்கச் சொல்வோம்.