நர்சிங் படிச்சா எதுவரை உயரலாம்? ஏ.என்.எம். முதல் நர்சிங் சூப்பரிண்டெண்ட் வரை... முழு விவரம்!

பிளஸ் 2 ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் எழும் கேள்வி, "நர்சிங்ல சேர்த்துடலாமா?" என்பதுதான். படிச்சா வேலை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. ஆனால், வேலையில் சேர்ந்த பிறகு எந்த வழியில் மேலே போகலாம் என்பதை பலரும் யோசிப்பதில்லை.

நர்சிங்கைப் பொறுத்தவரை, எந்தப் படிப்பில் சேர்கிறோம், கவுன்சிலில் பதிவு கிடைக்குமா என்ற இரண்டு விஷயங்கள்தான் அடுத்த 30 வருடத்தைத் தீர்மானிக்கின்றன. அனுபவம் எவ்வளவு இருந்தாலும், இந்த இரண்டும் சரியில்லை என்றால் ஒரு படிக்கு மேல் ஏற முடியாது.

முதல் படி: எந்தப் படிப்பு?

இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகரிக்கும் அடிப்படைப் படிப்புகள் மூன்று.

ஏ.என்.எம்.: 2 ஆண்டு படிப்பு. தாய் சேய் நலம், தடுப்பூசி, கிராமப்புற சுகாதாரம் ஆகியவற்றுக்கு முக்கியத்துவம் தரும் பயிற்சி இது.

ஜி.என்.எம்.: 3 ஆண்டு டிப்ளமோ. ஆங்கிலத்தோடு பிளஸ் 2-வில் 40 சதவீத மதிப்பெண் வேண்டும். சயின்ஸ் குரூப்புக்கு முன்னுரிமை உண்டு. மற்ற குரூப் மாணவர்களும் சேரலாம்.

பி.எஸ்சி நர்சிங்: 4 ஆண்டு டிகிரி. இயற்பியல், வேதியியல், உயிரியலில் 45 சதவீத மதிப்பெண் வேண்டும். தமிழ்நாட்டில் அரசு கவுன்சிலிங் பிளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில் நடக்கிறது.

படிப்பை முடித்ததும், தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். ஜி.என்.எம்., பி.எஸ்சி முடித்தவர்கள் பெயருக்குப் பின்னால் ஆர்.என்., ஆர்.எம். என்று போடுவது இந்தப் பதிவைக் குறிக்கத்தான். அரசு வேலை, எய்ம்ஸ் தேர்வு, வெளிநாட்டு வேலை என எதற்குப் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

6 மாச கோர்ஸ், 1 வருஷ கோர்ஸ் படிச்சா நர்ஸ் ஆக முடியுமா?

முடியாது. 'நர்சிங் அசிஸ்டெண்ட்', 'ஹெல்த் அசிஸ்டெண்ட்' போன்ற பெயர்களில் நடக்கும் குறுகிய கால படிப்புகள் உதவியாளர் வேலைக்குப் பயன்படலாம். ஆனால், அந்தச் சான்றிதழை வைத்து செவிலியராகப் பதிவு செய்ய முடியாது. வெள்ளை யூனிஃபார்ம் போட்டு, ஒரே வார்டில் 10 வருடம் வேலை பார்த்திருந்தாலும் பதிவு கிடைக்காது. அதன்பிறகு நர்ஸ் ஆக வேண்டுமானால் ஏ.என்.எம்., ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி-யில் முதல் வருடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். குடும்பங்கள் அதிகம் ஏமாறும் இடம் இதுதான்.

அரசு மருத்துவமனையில் பதவி உயர்வு எப்படி?

தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளுக்கான செவிலியர்களை எம்.ஆர்.பி. எனப்படும் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தேர்வு செய்கிறது. ஜி.என்.எம். படிச்சவங்களும் பி.எஸ்சி படிச்சவங்களும் ஒரே தேர்வு எழுதி, ஒரே செவிலியர் பதவியில்தான் சேர்கிறார்கள். டிகிரி என்பதற்காக ஆரம்பத்திலேயே மேல் பதவி தரப்படுவதில்லை.

அடுத்தது செவிலியர் கண்காணிப்பாளர் பதவி, அதாவது நர்சிங் சூப்பரிண்டெண்ட். இதில் நிலை 2, நிலை 1 என அடுக்குகள் உள்ளன. சீனியாரிட்டியும் காலியிடமும் சேர்ந்து வந்தால்தான் பதவி உயர்வு. மேல் பதவிகள் குறைவு என்பதால் காத்திருப்பு நீளம். அதை ஈடுகட்டத்தான் ஒரே பதவியில் 10 ஆண்டு முடித்தால் தேர்வு நிலை, 20 ஆண்டு முடித்தால் சிறப்பு நிலை என்ற ஏற்பாடு இருக்கிறது. பதவி மாறாது, சம்பளம் உயரும்.

ஆனால், இந்தக் கணக்கு எல்லாம் காலமுறை ஊதியத்துக்கு வந்தவர்களுக்குத்தான். 2015-ல் எம்.ஆர்.பி. தேர்வு மூலம் வந்த செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் நடத்திய போராட்டம் பலருக்கும் நினைவிருக்கும். அதன்பிறகு தொகுப்பூதியம் உயர்த்தப்பட்டது. காலியிடம் வரும்போது படிப்படியாக நிரந்தரம் செய்யப்படுகிறார்கள். எம்.ஆர்.பி. வேலை கிடைத்ததும் பதவி உயர்வுக்கான கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும் என்று நினைத்துவிடக் கூடாது.

கிராம செவிலியர்களுக்கு தனி ஏணி

ஏ.என்.எம். படித்தவர்கள் பொது சுகாதாரத் துறையில் கிராம சுகாதார செவிலியராகச் சேர்கிறார்கள். அடுத்து பகுதி சுகாதார செவிலியர், அதற்கு மேல் சமுதாய சுகாதார செவிலியர், பிறகு தாய் சேய் நல அலுவலர் என்று இந்த வரிசை போகும். மருத்துவமனை வார்டு நர்ஸ் பதவிகளோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இரண்டும் தனித்தனி பாதைகள்.

எய்ம்ஸ், ராணுவம்: சம்பளம் எவ்வளவு?

எய்ம்ஸ் மருத்துவமனைகளில் சேர நார்செட் தேர்வு எழுத வேண்டும். பி.எஸ்சி முடித்தவர்கள் நேரடியாக எழுதலாம். ஜி.என்.எம். முடித்தவர்களுக்கு குறைந்தது 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் 2 ஆண்டு அனுபவம் தேவை. டிகிரிக்கும் டிப்ளமோவுக்கும் வித்தியாசம் தெரிவது இங்கேதான்.

நர்சிங் ஆபீசராகச் சேரும்போது அடிப்படைச் சம்பளம் 44,900 ரூபாய். அடுத்த படியான சீனியர் நர்சிங் ஆபீசருக்கு 47,600 ரூபாயில் தொடங்கும். படிகள் தனி. அதற்கு மேல் உதவி, துணை நர்சிங் சூப்பரிண்டெண்ட் பதவிகள் உண்டு.

ராணுவ நர்சிங் சர்வீஸில் பெண்கள் லெப்டினன்ட் அந்தஸ்தில் அதிகாரியாகவே நுழைகிறார்கள். கேப்டன், மேஜர் என உயர்ந்து மேஜர் ஜெனரல் வரை போகலாம். அங்கே பி.எஸ்சி நர்சிங் சேர நீட் மதிப்பெண் தேவை.

தனியார் மருத்துவமனையில்?

ஸ்டாஃப் நர்ஸ், சீனியர் ஸ்டாஃப் நர்ஸ், வார்டு இன்சார்ஜ், சூப்பர்வைசர், நர்சிங் சூப்பரிண்டெண்ட் என்பதுதான் வழக்கமான வரிசை. பெரிய மருத்துவமனைகளில் இதற்கும் மேலே தலைமை நர்சிங் அதிகாரி இருப்பார். தொற்றுத் தடுப்பு நர்ஸ், புதியவர்களுக்குப் பயிற்சி தரும் நர்ஸ் போன்ற பொறுப்புகளும் உண்டு. இங்கே பதவி உயர்வு சீக்கிரம் வரலாம். ஆனால், சம்பளமும் பொறுப்பும் மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். அடிக்கடி இடம் மாறுபவர்கள் ஒவ்வொரு இடத்திலும் அனுபவச் சான்றிதழை வாங்கி வைப்பது அவசியம்.

ஒரு ஏணியிலிருந்து இன்னொன்றுக்கு மாறலாமா?

மாறலாம். பதிவு பெற்ற ஏ.என்.எம். செவிலியர், ஜி.என்.எம். சேரலாம். ஜி.என்.எம். முடித்தவர் 2 ஆண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி படித்தால் டிகிரி கையில். அதன்பிறகு 2 ஆண்டு எம்.எஸ்சி. இதற்கு ஓராண்டு பணி அனுபவமும், டிகிரியில் 55 சதவீத மதிப்பெண்ணும் வேண்டும். மனநலம், குழந்தைகள் நலம், சமுதாய நலம் உட்பட 5 பிரிவுகள் இருக்கின்றன.

கல்லூரியில் பாடம் எடுக்க விரும்புபவர்களுக்கு எம்.எஸ்சி இல்லாமல் உயர வழியில்லை. டியூட்டரில் தொடங்கி உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என்று போகலாம். பிரின்சிபல் ஆக 15 ஆண்டு அனுபவம், அதில் 12 ஆண்டு கற்பித்தல் அனுபவம் கேட்கப்படுகிறது. படுக்கையருகே இருந்தபடியே உயர நினைப்பவர்களுக்கு, தீவிர சிகிச்சைக்கான 2 ஆண்டு நர்ஸ் பிராக்டிஷனர் முதுநிலைப் படிப்பும் இருக்கிறது.

வெளிநாடு போனால் இங்குள்ள சீனியாரிட்டி செல்லுமா?

பெரும்பாலும் செல்லாது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் பதிவு பெற்ற நர்ஸ் பேண்ட் 5-ல் தொடங்குவார். இங்கே வார்டு இன்சார்ஜாக இருந்தவரும் பெரும்பாலும் அதே படியில்தான் சேர வேண்டியிருக்கும். பேண்ட் 6 சீனியர் நர்ஸ், பேண்ட் 7 வார்டு மேனேஜர். அங்கே பதவி உயர்வு சீனியாரிட்டியில் தானாக வராது. காலியிடத்துக்கு விண்ணப்பித்து இன்டர்வியூவில் தேர்வாக வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு முயற்சிப்பவர்கள் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தையும் அணுகலாம்.

சேரும் முன் செக் பண்ண வேண்டியவை

* கல்லூரிக்கு மட்டுமல்ல, சேரப்போகும் அந்தப் படிப்புக்கும் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா?
* பி.எஸ்சி என்றால், பட்டம் தரும் பல்கலைக்கழகம் எது? தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகள் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன.
* வார்டு பயிற்சி எந்த மருத்துவமனையில்? அங்கே எத்தனை படுக்கைகள்?
* "படிச்சு முடிச்சதும் கவுன்சில்ல ரிஜிஸ்டர் பண்ண முடியுமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால், பணம் கட்டும் முன் கவுன்சிலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.