முதுகு சொன்ன சரித்திரம்

டெல்லிக் குளிரைப் பற்றி நான் புலம்பாத வருஷம் கிடையாது. இந்த வருஷம் குளிரை விட்டுட்டு முதுகைப் பற்றிப் புலம்ப வேண்டியதாப் போச்சு.

ஜனவரியில் ஒரு காலை. ரஜாயை விட்டு எழுந்து, ஸாக்ஸ் போடக் குனிந்தேன். குனிந்தவன் குனிந்தவன்தான்! இடுப்பு துருப்பிடிச்ச தாழ்ப்பாள் மாதிரி மாட்டிக்கிச்சு. தங்கமணி வந்து ஸாக்ஸை மாட்டிவிட்டு, "இருபது வருஷம் பேங்க் நாற்காலியைத் தேய்ச்சதுக்குக் கிடைச்ச இன்க்ரிமென்ட்" என்று ஒரு வார்த்தை வேற. ஊருக்கு போன் போட்டா அம்மா, "ரெண்டு நாள் அசையாமப் படுடா, எல்லாம் சரியாயிடும்" என்றாங்க.

படுத்தேன். மறுநாள் காலை இன்னும் மோசம். ரெண்டு வாரம் இப்படியே ஓட்டிட்டு டாக்டரிடம் போனேன். "பயப்பட ஒண்ணுமில்லை, பிசியோதெரபி எடுத்துக்கோங்க" என்று அனுப்பிட்டார். நம்ம முனிர்காவிலேயே ஒரு மாடியில் சின்ன கிளினிக். கரன்ட் வைப்பாங்க, ஒத்தடம் கொடுப்பாங்க, கண்ணை மூடிக் கிடந்துட்டு வரலாம்னு போனேன். அங்கே இருந்த ஹரியானாப் பொண்ணு பத்து நிமிஷம் ஒத்தடம் வெச்சுட்டு, நாலே நாலு பயிற்சி சொல்லிக் கொடுத்தது. "அங்கிள்ஜி, இதை தினமும் வீட்டில் நீங்கதான் செய்யணும். நான் செய்யறது இதில் பாதிகூட இல்லை" என்று ஹிந்தியில் முடிச்சிருச்சு.

ஃபீஸ் கொடுக்கிறதும் நான், வேலை செய்யறதும் நானா? பி.காம். படிச்ச மூளைக்கு இந்தக் கணக்கு டேலி ஆகலை. அந்தக் கடுப்பில்தான் இந்த வைத்தியத்தோட பூர்வீகத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன்.

தமிழில் இதுக்கு இயன்முறை மருத்துவம்னு பேர். நவீன வடிவத்தின் வேர் ஸ்வீடனில் இருக்கு. வாள்சண்டை வாத்தியாரான பெர் ஹென்ரிக் லிங் 1813-ல் ஸ்டாக்ஹோமில் ஒரு உடற்பயிற்சிப் பள்ளி தொடங்கினார். உடம்பை முறையா அசைப்பதே ஒரு வைத்தியம் என்பது அவர் கட்சி. அப்புறம் லண்டன். அங்கே மசாஜ் என்ற பேரில் நடந்த அசிங்கங்கள் பத்திரிகைகளில் நாறின சமயம், 1894-ல் நாலு நர்ஸம்மாக்கள் சேர்ந்து, முறையாப் பயின்றவங்களுக்குன்னு ஒரு சங்கம் வெச்சாங்க. அதுதான் இன்னிக்கு பிரிட்டனில் இருக்கும் பிசியோதெரபிஸ்ட்கள் சங்கத்துக்குத் தாய். முதல் உலகப் போரில் கைகால் அடிபட்டு வந்த சிப்பாய்களால் இந்தத் தொழில் வேகமா வளர்ந்தது.

இன்னொரு பெரிய தள்ளு கொடுத்தது இளம்பிள்ளை வாதம், அதாவது போலியோ. அந்தக் காலத்தில் போலியோ வந்த குழந்தையின் காலைக் கட்டை வெச்சுக் கட்டி அசையாமப் போட்டுடுவாங்க. ஆஸ்திரேலியாவின் சிஸ்டர் எலிசபெத் கென்னி என்ற கிராமத்து நர்ஸ், "கட்டை அவிழுங்க. சுடுதண்ணியில் நனைச்ச கம்பளியால் ஒத்தடம் கொடுங்க. காலை அசைச்சுப் பழக்குங்க" என்று பெரிய டாக்டர்களோடு மல்லுக்கு நின்னாங்க. 1940-ல் அமெரிக்கா போய் அங்கேயும் அதையே சொன்னாங்க. நோய் எப்படி வருதுன்னு அவங்க சொன்ன விளக்கத்தை மருத்துவம் ஏத்துக்கலை. ஆனா அசைக்கணும் என்ற விஷயம் நிலைச்சிருச்சு.

நம்ம நாட்டுக்கு வருவோம். 1950-களின் தொடக்கத்தில், போலியோ படுத்திய பாட்டில், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பம்பாய் கே.இ.எம். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பள்ளி வந்தது. அதே காலத்தில் நம்ம வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திக்கிட்டிருந்தார். முன்கையிலிருந்து ஒரு தசைநாரை எடுத்து விரலுக்கு மாத்தித் தைப்பாங்க. ஆனா கத்தியோடு வேலை முடியாது. பழைய வேலையை மறந்து புது வேலையைச் செய்ய அந்தத் தசைக்குப் பல வாரம் பயிற்சி கொடுக்கணும். அதை நோயாளிதான் செய்யணும்!

பிராண்டிடம் வேலை பார்த்த டாக்டர் மேரி வர்கீஸுக்கு 1954-ல் ஒரு கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இரண்டு கால்களும் செயலிழந்தன. அவங்க சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தாங்க. பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டுத் திரும்பினாங்க. 1966-ல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் உருவானது அவங்களால்தான். 1972-ல் பத்மஸ்ரீ கிடைச்சது.

இந்த இடத்தில் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும்.

கும்பகோணம் பக்கம் எங்க தெருவில் என் வயசுப் பையன் ஒருத்தன். சின்னதிலேயே போலியோ. நாங்க பள்ளிக்கூடம் கிளம்பும்போது, அவன் அம்மா திண்ணையில் உட்கார்ந்து அவன் காலை மடியில் வெச்சு நீட்டி மடக்கி, நீட்டி மடக்கி... பெரியாஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்தது. ஒருநாள் விட்டதா எனக்கு ஞாபகமில்லை. "எப்பவும் அந்தக் கால் சரியாகாது, எதுக்கு இந்தம்மா இப்படி?"ன்னு நான் கேட்டு, வீட்டில் அடி வாங்கினது தனிக்கதை.

இப்பதான் புரியுது. செத்த நரம்பை அந்தப் பயிற்சி பிழைக்க வைக்காது. மூட்டு மடங்கி இறுகிப் போகாமல் காப்பாத்தும். கால் நீட்டிய நிலையில் இருந்தால்தான் காலிப்பர் மாட்ட முடியும், நடக்க முடியும். போன மாசம் அவனுக்கு போன் போட்டேன். ஊரில் கடை வெச்சிருக்கான். விஷயத்தைச் சொன்னதும் சிரிச்சான். "அம்மா விட்டிருந்தா நான் தவழ்ந்துதான் போயிருப்பேன்டா. உனக்குக் கால் மணி நேரம்தானே?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

இந்தியாவில் கடைசி போலியோ கேஸ் 2011 ஜனவரியில், ஹவுராவில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத பகுதின்னு சான்றிதழும் வந்தது. நோய் போயிருச்சு, அதுக்காக வந்த வைத்தியம் தங்கிருச்சு. போர்க்களத்துச் சிப்பாய்க்கும் வாதம் வந்த குழந்தைக்கும் உருவானது, இன்னிக்கு ஏ.சி. ரூமில் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்தே முதுகைக் கெடுத்துக்கிட்ட என் மாதிரி ஆளுங்களுக்கு வேலை செய்யுது. 2021-ல் மத்திய அரசு போட்ட ஒரு சட்டம் இந்தத் தொழிலுக்கும் ஒரு வரையறை கொடுத்திருக்கு.

அம்மா சொன்ன படுக்கை ரெஸ்ட்? 1986-ல் அமெரிக்காவில் முதுகுவலிக்காரங்களை ரெண்டாப் பிரிச்சு, ஒரு கூட்டத்தை ரெண்டு நாளும் இன்னொன்றை ஏழு நாளும் படுக்கச் சொன்னாங்க. ஏழு நாள் படுத்தவங்களுக்குக் கூடுதலா ஒரு லாபமும் இல்லை, லீவுதான் அதிகம் செலவாச்சு! ராத்திரி முழுக்க அசையாததால்தான் காலையில் உடம்பு இறுகுது. முதுகெலும்பு வட்டுகள் ராத்திரியில் நீர் உறிஞ்சி உப்பியிருப்பதால், எழுந்தவுடனே சடார்னு குனியறதும் ஆபத்து. அதனால் இப்போ முதலில் படுக்கையிலேயே முழங்காலை மெல்ல மடக்கி நீட்டல், அப்புறம் கொஞ்சம் நடை, ஸாக்ஸ் எல்லாம் கடைசியில்தான்.

மூணு மாசம் ஆச்சு. ஸாக்ஸ் நானே போட்டுக்கறேன். சோம்பல் வரும் நாளில் அந்தத் திண்ணை ஞாபகம் வரும், எழுந்துடுவேன்.

டிஸ்கி: காலை இறுக்கம் தினமும் அரை மணிக்கு மேல் நீடிச்சாலோ, மூட்டு வீங்கினாலோ, காலில் மரத்துப்போனாலோ, இதைப் படிச்சுட்டுப் பயிற்சி செய்யாதீங்க. முதலில் டாக்டரைப் பாருங்க. நான் வெறும் பேங்க் ஆபீசர்!