கிளாடிஸ் பென்ட்லியின் வாக்குமூலம்

நியூயோர்க்கின் ஹார்லம் பகுதி, 133ஆம் தெரு. அமெரிக்காவில் மதுவிலக்கு நடைமுறையில் இருந்த காலம் (1920 - 1933). சட்டம் வெளியே நிற்க, உள்ளே விடியும்வரை மது ஓடிய சிறு விடுதிகள் அங்கு வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்றான 'கிளாம் ஹவுஸ்' விடுதிக்கு ஒரு பெண்ணைக் கேட்பதற்காகவே சனம் போனது. வெள்ளைக் கோட்டும் உயர்ந்த தொப்பியும் அணிந்து பியானோவின் முன் அமர்ந்திருந்த, பருத்த உடலும் கரகரத்த குரலும் கொண்ட கறுப்பினப் பெண். பெயர் கிளாடிஸ் பென்ட்லி.

1907இல் பிறந்தவர். தாய் திரினிடாட்டிலிருந்து பிலடெல்பியாவுக்குப் புலம்பெயர்ந்தவர். சிறுவயதிலேயே சகோதரர்களின் உடுப்பை அணிந்து திட்டு வாங்கியவர், 16 வயதில் வீட்டைவிட்டு வெளியேறினார். 133ஆம் தெருவில் ஒரு விடுதிக்கு ஆண் பியானோ கலைஞர் தேவை என்று கேள்விப்பட்டுப் போய், அந்த வேலையைத் தானே பெற்றுக்கொண்டார்.

எல்லோரும் அறிந்த பாட்டுகளின் மெட்டை எடுத்து, சொற்களை மாற்றி, பச்சையான பகிடிப் பாட்டாக்குவதே அவருடைய வித்தை. சபையும் சேர்ந்து பாடும். முன்வரிசைப் பெண்களோடு அவர் மேடையிலிருந்தே சரசமாடுவார். தான் பெண்களை விரும்புபவர் என்பதை மறைக்கவில்லை; அதுவே நிகழ்ச்சியின் உயிர். இடைவிடாது இரவு முழுதும் அவர் வாசித்ததைக் கவிஞர் லாங்ஸ்ரன் ஹியூஸ் தன் சுயசரிதையில் வியந்து நினைவுகூருகிறார். ஆனால் 1928இல் ஓகே இசைத்தட்டு நிறுவனம் பதிவு செய்தவை துன்புறுத்தும் ஆண்களைப் பற்றிய புளூஸ் பாட்டுகளே. பகிடிப் பாட்டுகள் அந்த இரவுகளோடு போய்விட்டன.

1929இன் பொருளாதார வீழ்ச்சியும் மதுவிலக்கின் முடிவும் ஹார்லமின் இரவுகளை மங்கச் செய்தன. 1934இலிருந்து 'உபாங்கி கிளப்'பில் பாடியவர், 1937இல் தாயோடு லொஸ் ஏஞ்சல்ஸ் போய்ச் சேர்ந்தார். அங்கே காற்சட்டையுடன் மேடையேறப் பொலிசின் விசேட அனுமதி தேவைப்பட்டது.

பிறகு ஐம்பதுகள் வந்தன. கம்யூனிஸ்டுகளைத் தேடிய அரசு தற்பாலுறவாளரையும் தேடியது; 1953இல் ஜனாதிபதி ஐசனோவரின் ஆணை அவர்களை அரச வேலைகளிலிருந்து விலக்கியது. அதற்கு முந்திய வருடம், 1952 ஓகஸ்ட் மாத 'எபொனி' சஞ்சிகையில் பென்ட்லியின் பெயரில் ஒரு கட்டுரை வெளியானது. ஹோர்மோன் சிகிச்சையால் தான் மீண்டும் பெண்ணாகிவிட்டதாகவும் திருமணம் செய்துகொண்டதாகவும் அது சொன்னது. கூடவே கட்டில் விரிப்பதும் சமைப்பதுமாகப் படங்கள்.

இதை அவரது சரணடைதல் என்று சொல்பவர்கள் உண்டு. நாம் அவசரப்பட விரும்பவில்லை. மேசைக்கு அப்பால் ஓர் அதிகாரியும் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரும் இருக்க, எமது வாழ்க்கையை அவர்களது படிவத்துக்குள் வெட்டி ஒட்டியவர்கள் நாம். வாக்குமூலத்தை வாசிக்குமுன், அதைக் கேட்டவர் கையில் என்ன இருந்தது என்று பார்க்கப் பழகியிருக்கிறோம். அந்தக் கட்டுரையைத் திரும்ப வாசியுங்கள். பழையதை நோய் என்று சொல்லும் அதே பெண், வாரச் சம்பளம் 35 டொலரிலிருந்து 125 டொலராக உயர்ந்ததை மறக்கவில்லை. தன் விறைத்த கொலர்களையும் சப்பாத்துகளையும் குட்டைக் கோட்டுகளையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறார். வெறுத்த வாழ்க்கையை யார் இவ்வளவு ஆசையாக நினைவு வைத்திருப்பார்கள்?

1958இல் குரூச்சோ மார்க்சின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் பெண்ணுடையில் தோன்றிய பென்ட்லி, பியானோவில் அமர்ந்து ஒரு பாட்டுப் பாடினார். உடுப்பு மாறியிருந்தது. குரல் மாறவில்லை.

1960 ஜனவரியில், 52 வயதில் இறந்தார். நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை அவரது மரணக் குறிப்பை வெளியிட்டது 2019இல். தாம் கவனிக்கத் தவறியவர்களுக்காக அது தொடங்கிய வரிசையில் அவருக்கும் ஓர் இடம் கிடைத்தது, 59 வருடங்கள் பிந்தி.