போக்குவரத்து இணக்க விதி (அமெரிக்கா)

காற்றுத்தர அளவை எட்டாத, அல்லது அண்மையில்தான் எட்டிய அமெரிக்கப் பெருநகர வட்டாரம் ஒன்று சாலைகளுக்கும் ரயில், பேருந்துகளுக்கும் மத்திய அரசின் பணத்தைச் செலவிட வேண்டுமானால், அதன் போக்குவரத்துத் திட்டம் மாநிலத்தின் காற்றுத்தரத் திட்டத்தோடு பொருந்த வேண்டும். இதுவே இணக்க விதி. சாலைத் துறையும் காற்றுத் துறையும் தொடக்கத்தில் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தன. 50,000-க்கு மேல் மக்கள் வாழும் நகர்ப்பகுதிகளுக்குத் தொடர்ச்சியான போக்குவரத்துத் திட்டமிடலை 1962-இன் நெடுஞ்சாலைச் சட்டம் கட்டாயமாக்கியது. காற்றுக்கான தேசிய அளவுகோல்களுக்கு வழிவகுத்தது 1970-இன் தூய காற்றுச் சட்டம். இரண்டும் இணங்க வேண்டுமென 1977-இல் திருத்தம் வந்தது. எது இணக்கம் என்று அது சொல்லவில்லை. ஆகவே பெரிதாக எதுவும் மாறவில்லை.

மாற்றியது 1990-இன் திருத்தம். புதிய மீறலை உண்டாக்கக் கூடாது, இருக்கும் மீறலை மோசமாக்கக் கூடாது, காற்று தூய்மையாகும் நாளைத் தள்ளிப்போடக் கூடாது என்று அது வரையறுத்தது. இதற்கான விதிகளைச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1993-இல் வெளியிட்டது. இருபது ஆண்டுக்குப் பின் எத்தனை பேர் எங்கே குடியிருப்பார்கள், எங்கே வேலைக்குப் போவார்கள், வண்டிகள் எத்தனை மைல் என்ன வேகத்தில் ஓடும் என்று திட்டக்காரர்கள் மதிப்பிட வேண்டும். அந்த ஓட்டத்தை, வண்டிகளின் வயதையும் கோடை வெப்பத்தையும் சேர்த்து, ஒரு நாளைக்கு இத்தனை டன் நைட்ரஜன் ஆக்சைடு எனப் புகைக் கணக்காக மாற்ற வேண்டும். அத்தொகை மாநிலத் திட்டம் வாகனங்களுக்கு ஒதுக்கிய வரம்பைத் தாண்டினால் ஒப்புதல் இல்லை. ஊகத்தின் மேல் ஊகம்தான். ஆனால் சாலைக்காக ஓர் ஊகத்தையும் காற்றுக்காக வேறோர் ஊகத்தையும் காட்டித் தப்ப இனி வழியில்லை.

இதன் கடிவாளம் எவ்வளவு இறுக்கமானது என்பதை அட்லாண்டா காட்டியது. ஓசோன் அளவைத் தாண்டியிருந்த அந்த வட்டாரத்தின் இணக்கம் 1998 ஜனவரியில் காலாவதியானது. புதிய சாலைகளுக்கு மத்திய நிதி நின்றது. முன்பே ஒப்புதல் பெற்ற திட்டங்களைத் தொடரலாம் என்ற சலுகையையும் 1999 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு அட்லாண்டா அமைந்த ஜார்ஜியா மாநிலம், வட்டாரப் போக்குவரத்துக்கென வலுவான அதிகாரங்களோடு தனி ஆணையம் ஒன்றை அமைத்தது. இணக்கம் மீண்டது 2000 ஜூலையில்தான்.

காற்றைத் தூய்மையாக்கியது எஞ்சின், எரிபொருள் தரங்களே, இணக்க விதி வெறும் காகித வேலை என்பார்கள். முதல் பாதி உண்மை. புகை குறைந்ததில் பெரும்பங்கு அவற்றுக்கே. எனினும் வண்டி ஓடும் தூரம் பெருகினால் அந்த ஆதாயத்தில் ஒரு பகுதி கரையும். அதைத் திட்டமிடும்போதே கேட்கும் சட்டம் இது. சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் குறைந்து புகையும் குறையும் என்பது மற்றொரு வாதம். சில ஆண்டுகளுக்கு அப்படி நடக்கலாம். அகலமான சாலை புதிய பயணங்களை இழுத்துவருவதால்தான் கணக்கை இருபது ஆண்டுக்கு நீட்டுகிறார்கள்.

விதி பின்னர் தளர்ந்தது. 2005-இன் சட்டம் இணக்கச் சோதனையை மூன்றாண்டிலிருந்து நான்காண்டுக்கு ஒருமுறை என்றாக்கி, கெடு தவறினால் பன்னிரண்டு மாத அவகாசமும் கொடுத்தது. கைவிடப்பட்ட 1997-ஆம் ஆண்டு ஓசோன் அளவின்கீழ் வந்த பகுதிகளுக்கும் இணக்கம் தேவை என்று 2018-இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அந்தப் பழைய அளவுக்காகப் புதிய வட்டாரப் புகைக் கணக்கு வேண்டியதில்லை என்று முகமை வழிகாட்டியது. கணக்கே கேட்காத இணக்கத்தைக் காகித வேலை என்று சொல்பவர்களுக்கு மறுமொழி கூறுவது கடினம்.